நாம் கேட்காமல் விட்ட கணக்கு

அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ என்றொரு தோட்டம் இருக்கிறது. அதே பக்கத்தில் பெல்மோரல், டொரிங்டன், ஹோல்புரூக். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று யாராவது கேட்டால் இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லித்தான் நம்மை அடையாளம் காட்டுகிறோம். கிளாஸ்கோ என்ற பெயரைத் தந்த ஸ்கொட்லாந்து நகரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்குப் பார்த்தார்கள். அடிமை வியாபாரத்திலும் அடிமைகளின் உழைப்பிலும் செல்வம் சேர்த்தவர்கள் கொடுத்த நன்கொடையால் தான் வளர்ந்ததை, பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்த கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் 2018இல் ஒப்புக்கொண்டது. இன்றைய மதிப்பில் அந்தத் தொகை 1 கோடியே 67 லட்சம் ஸ்டேர்லிங் பவுணிலிருந்து 19 கோடியே 80 லட்சம் பவுண் வரை இருக்கலாம் என்று தானே அறிக்கை எழுதியது. அடுத்த ஆண்டு, மேற்கிந்தியத் தீவுகளின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 20 ஆண்டுகளில் 2 கோடி பவுண் செலவிட உடன்பாடு செய்தது. 2022இல் அந்த நகர சபையும் மன்னிப்புக் கேட்டது.

இந்தச் செய்தி நமக்கு எட்டாமல் இல்லை. எட்டியும், அது கறுப்பின மக்களின் விவகாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். அந்த நகரத்தின் பெயர் நம் மலையில் எப்படி வந்தது, பெயர் வந்த வழியில் வேறென்ன வந்தது, நம்மிடமிருந்து என்ன போனது என்று ஒரு மாலை வகுப்பில்கூட நாம் பிள்ளைகளிடம் பேசவில்லை.

நாம் என்று நான் எழுதுவது யாரை என்பதைச் சொல்லிவிட வேண்டும். விடியப் பெரட்டுக்குப் போய், மழையில் ரெட்டுச் சுற்றிக்கொண்டு மலை ஏறும் பெண்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளாகிய நம்மைச் சொல்கிறேன். லயக்காம்பராவில் பிறந்து, அம்மா வேலைநாள் முடிந்தபின் கைக்காசுக்குப் பறித்த கொழுந்தில் கொப்பி வாங்கி, ஏ.எல். எழுதி, ஆசிரியராக, கிராம சேவகராக, வங்கி ஊழியராக, சங்க உத்தியோகத்தராக, பத்திரிகைக்காரராக, சபை உறுப்பினராக ஆனவர்கள் நாம். வாசிக்கவும் எழுதவும் மனுப்போடவும் தெரிந்தவர்கள். சம்பளம் கேட்டோம். கூரைக்குத் தகரம் கேட்டோம். பாதை கேட்டோம். மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தச் சனத்துக்கு அரசுகள் பட்டிருக்கும் பழைய கடன் ஒன்று உண்டு, அதை ஆதாரத்தோடு எழுதிக் கேட்க வேண்டும் என்ற வேலை நம்முடையது. அதை நாம் செய்யவில்லை.

பிரித்தானியா தன் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் நிறைவேற்றியது. 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த எசமானர்களுக்கு. விடுதலை பெற்றவர்கள் தொழில் பயிலுநர் என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்த நட்டஈட்டுக்காக வாங்கிய கடன் 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அந்த நட்டஈட்டுக் கோரிக்கைகளைத் தொகுத்தபோது சுமார் 46,000 கோரிக்கைகள் கிடைத்தன. யார், எந்தத் தீவில், எத்தனை பேரை வைத்திருந்தார், எவ்வளவு வாங்கினார் என்று அத்தனையும் ஏட்டில் இருக்கிறது. எசமானர்கள் தங்கள் இழப்பை எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால் வாங்கினார்கள்.

அந்த விடுதலையோடு நம் கதையும் தொடங்குகிறது. ஜமைக்காவில் கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கு மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமான தீர்வை வைக்கப்பட்டது. ஜமைக்காவில் கோப்பித் தோட்டத் தொழில் பயின்ற ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்து அந்தத் தீவின் பயிர்ச்செய்கை முறையை இங்கே பரப்பினார். 1820களிலேயே கம்பளைக்கு அருகில் சிங்கபிட்டியில் முதல் கோப்பித் தோட்டம் திறக்கப்பட்டிருந்தாலும், தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்தது அதற்குப் பிந்திய இந்தக் கோப்பி வெறிதான். கரிபியனில் சாட்டை கீழே வைக்கப்பட்ட அதே பத்தாண்டில் இங்கே கங்காணி முன்பணப் பையோடு திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் கிளம்பினார்.

அவர்கள் கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து மாத்தளை வந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் நாலில் ஒருவர், ஏறத்தாழ 70,000 பேர், செத்திருக்கலாம் என்று 1849இல் ஒரு கொழும்புப் பத்திரிகை மதிப்பிட்டது. அதில் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. 1841இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1865இன் 11ஆம் இலக்கச் சட்டமும், சொல்லாமல் வேலையை விட்டுப் போனவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பின. பிறகு வந்த துண்டு முறை, கடனைக் கட்டினால் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போகவிடாமல் குடும்பங்களைக் கட்டிப்போட்டது. அதை 1921இல்தான் ஒழித்தார்கள்.

நம் முன்னோர் சட்டப்படி அடிமைகள் அல்லர். சந்தையில் விற்கப்படவில்லை. பிறந்த பிள்ளை துரையின் உடைமை ஆகவில்லை. இந்த வேறுபாட்டை மழுப்பிவிட்டுப் பேசினால் கரிபியன் மக்களின் துயரத்தைக் களவாடியவர்கள் ஆவோம், நம் வழக்கும் நிற்காது. நம் வழக்கு வேறு: கடனால் கட்டிய உழைப்பு, சிறையால் மிரட்டிய ஒப்பந்தம், எண்ணப்படாத சாவு. அதன் பிறகு, சுதந்திரம் அடைந்த ஒரு நாடே ஓர் இனத்தைக் குறிவைத்துப் பறித்த குடியுரிமை.

இதே பிரித்தானியர் இதே தமிழ்நாட்டிலிருந்து மொரீசியஸ் தீவுக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது, எண் இருந்தது, 1860களிலிருந்து புகைப்படமும் எடுக்கப்பட்டது. அந்த ஏடுகளை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காப்பாற்றினார்கள். கப்பலிலிருந்து இறங்கிய படிக்கட்டு இருக்கும் ஆப்ரவாசி காட் 2006இல் உலக மரபுச் சின்னமானது. 2009இல் உண்மைக்கும் நீதிக்குமான ஆணைக்குழு ஒன்று அங்கே வேலையைத் தொடங்கி, அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் விட்டுச்சென்ற பாதிப்புகளை ஒருசேர ஆராய்ந்து 2011இல் அறிக்கை கொடுத்தது.

நமக்கு அப்படி ஏடு இல்லை என்பது பாதி உண்மை. கங்காணி முறையில் தனித்தனி ஒப்பந்தம் இல்லை என்பது சரி. ஆனால் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் இருந்தது, பிறப்பு இறப்புப் பதிவு இருந்தது, கங்காணியின் பற்றுவரவுக் கணக்கு இருந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குப் போயின. இந்தக் கைமாற்றங்களில் பழைய ஏடுகள் கரையான் தின்றும் நனைந்தும் அழிந்தன. சில இடங்களில் அவை கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரனின் லொறியில் ஏறியதை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். கிளாக்கர் ஐயா தெரிந்தவர்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் எடுத்து வைத்திருப்பார். நாம் சொல்லவில்லை. குப்பை என்று நாமும் நம்பினோம்.

பெரியவர்களிடமும் கேட்கவில்லை. நம் அப்பாயிகள் தங்கள் அப்பாயிகளிடம் கேட்டதை ஒப்பாரியாகவும் தாலாட்டாகவும் வைத்திருந்தார்கள். நாம் அதைக் கலைவிழாவுக்கு எடுத்தோம், மேடையில் பாடவைத்துப் பரிசும் கொடுத்தோம். பாடலில் வரும் ஊர் எது, செத்தவர் யார், எந்த மலையில் புதைத்தார்கள் என்று கேட்டு எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி 1948. இதில்தான் நம் தவறு மிகப் பெரியது, ஏனென்றால் இதற்கு ஆதாரம் வேண்டிய அளவு உண்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, நவம்பர் 15இலிருந்து அமலானது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டச் சொன்னது அது. லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்தவன் எதைக் காட்டுவான்? 1949இல் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. 1964 வரைக்கும் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மலையகத்திலிருந்து மக்கள் வாக்கால் ஒருவர் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சட்டங்களுக்கு யார் யார் கைதூக்கினார்கள், வடக்கின் எந்தத் தலைவர் 1949 மசோதாவை அமைச்சராக இருந்து ஆதரித்தார் என்று பேசுவது நமக்குப் பழக்கமான பேச்சு. மேடையில் அது கைதட்டல் வாங்கித் தரும். இந்தக் கட்டுரை நம்மைப் பற்றியது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நாடற்றவராக இருந்தது என்றால் என்ன என்பதை நாம் ஒருநாளும் பட்டியலாகப் போட்டதில்லை. அரச காணி கிடையாது. அரச வேலை கிடையாது. குடியேற்றத் திட்டங்களில் இடம் கிடையாது. வாக்கு இல்லாதவனுடைய பாதைக்கும் பாடசாலைக்கும் எந்த உறுப்பினரும் காசு ஒதுக்கமாட்டார். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். அதுவரை பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறையில் ஒரே ஒரு மாஸ்டர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டிருந்தார். படிக்காமல் போன அந்தத் தலைமுறையின் இழந்த சம்பாத்தியம் எவ்வளவு? பொருளியல் படித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கணிதம் படிப்பிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களில் ஒருவரிடமும் எந்த அரசும் விருப்பம் கேட்டு அந்த எண்களை எழுதவில்லை. ஒரே குடும்பத்தில் மூத்த மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், இளைய மகளுக்கு இலங்கை விண்ணப்பம். தலைமன்னார்க் கப்பலுக்கு ரயில் ஏறும்போது ஹட்டன் ஸ்டேஷனில் கேட்ட அழுகையைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

போனவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களை வைத்துத்தான் விரிந்தன. இங்கே நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? கடிதம் வந்தபோது பதில் போட்டோமா? இனக்கலவரங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன நம்மவர்கள் போரின் நடுவில் மாட்டி மறுபடி எல்லாவற்றையும் இழந்தார்கள். அவர்களையும் நம் கூட்டங்களில் ஒரு வரியாகத்தான் சேர்த்துக்கொண்டோம். 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர், நாட்டின் சனத்தொகையில் 11.7 சதவீதம். 2012இல் 8,40,000 பேர், 4 சதவீதம் சொச்சம். பதிவுக்குப் பயந்து இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொண்டவர்களை விட்டுப் பார்த்தாலும், 66 ஆண்டில் ஒரு சனம் அநேகமாக வளரவே இல்லை. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஓர் அரசாங்கத்தின் மேசையில் வைக்க நமக்கு ஒரு தாள் போதும்.

2003 அக்டோபரில் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றிருந்த மீதிப் பேருக்குக் குடியுரிமை கொடுத்தது. நாம் பட்டாசு வெடித்தோம். தலைவர்களுக்கு மாலை போட்டோம். மகிழ வேண்டிய நாள்தான், அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில், 55 ஆண்டுகளாகச் செய்தது அநியாயம் என்று ஒரு வாக்கியம் இல்லை. இழந்ததற்கு ஈடு என்று ஒரு சதம் இல்லை. பறித்தவன் கையிலிருந்து நம் பொருளையே திரும்ப வாங்கிக்கொண்டு அவனுக்குச் சால்வை போர்த்தினோம். அந்த மேடையிலேயே ஒருவர் எழுந்து, இது போதாது, மன்னிப்பும் ஈடும் எங்கே என்று கேட்டிருக்கலாம். அந்த ஒருவராக இருக்க நம்மில் எவருக்கும் தோன்றவில்லை.

பிரதேச சபை விஷயமும் அப்படியே. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. நாம் வாக்குப் போட்டோம், நம்மவர் தவிசாளர்கூட ஆனார். ஆனால் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல் போட அவருக்கு அதிகாரம் இல்லை. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே ஆண்டு அக்கரப்பத்தனைக்கென்று தனிச் சபையும் வந்தது. திறப்பு விழாவில் நாம் நன்றி சொன்னோம். முப்பது ஆண்டு சபைப் பணம் தோட்டத்துக்கு வெளியிலேயே செலவானதே, அந்தப் பாக்கியை எப்போது தருவீர்கள் என்று விழா முடிந்த பிறகாவது ஒரு மனு எழுதியிருக்க வேண்டாமா?

நம்முடைய சங்கங்கள் அடிபட்டும் உயிர்விட்டும் வளர்ந்தவை. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டார். 1977 மே மாதம், தோட்டக் காணியைத் துண்டாடிக் கொடுப்பதை எதிர்த்து நின்றபோது டெவனில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். ஆண்டுதோறும் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் லெட்சுமணன் நின்றது காணிக்காக. நாம் அதற்குப் பிறகு சம்பள உயர்வு என்ற ஒரே கோரிக்கைக்குள் சுருங்கிவிட்டோம். 1,000 ரூபாய் கேட்கத் தொடங்கி அது 2021இல் வர்த்தமானியில் வரும்போது 1,000 ரூபாயின் மதிப்பே போய்விட்டது. சம்பளம் இன்றைய வேலைக்கு உரியது. அதைக் கூட்டித் தந்துவிட்டால் பழைய பாக்கி தீர்ந்ததாக ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டதில் கம்பனிகளுக்கும் அரசுகளுக்கும் பெரிய வசதி, சந்தா வாங்கும் சங்கங்களுக்கும் வசதி. படித்த நாம் அந்தக் குழப்பத்தை அவிழ்த்துக் காட்டியிருக்க வேண்டும்.

நமக்குள்ளேயே ஒரு பாக்கி இருக்கிறது. தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் 1984இல்தான் வந்தது. அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டாக, தோட்டத்துக்கு வருமானம் தேடிக் கொடுத்த கை குறைந்த கூலி வாங்கியது. அந்தக் குறைந்த கூலியையும் பல இடங்களில் புருஷன்தான் போய்க் கைநீட்டி வாங்கினான். கங்காணி தலைக்கு இவ்வளவு என்று எடுத்த காசில் கடை வைத்தவர்கள், காணி வாங்கியவர்கள் நம்முடைய உறவுக்காரர்கள். துரைமாரின் கணக்கைத் திறக்கும்போது இந்தப் பக்கமும் திறக்கும் என்ற பயம்கூட நம் மௌனத்துக்கு ஒரு காரணமோ என்று நினைக்கிறேன். திறக்கட்டும்.

2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். மலை முழுக்கக் கறுப்புக்கொடி கட்டினோம். டயகம அக்கரப்பத்தனையிலிருந்து எட்டும் தூரம். அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் பாடசாலையை விட்டு நின்றாள் என்பதை ஒரு வருகைப் பதிவேடு அறியும். அப்படி நின்றுபோகும் பிள்ளைகளின் வீட்டைத் தேடி நாம் போவதில்லை. தரகர் போகிறார். அவர் வேற்றூர் ஆள் அல்ல, நம்மோடு கோயில் திருவிழாவில் வடம் பிடிப்பவர். அந்த ஆண்டு இறுதியில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சமகால அடிமைமுறை பற்றிய விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா, இங்குள்ள நவீன அடிமைத்தனத்துக்கு இனப் பரிமாணம் உண்டு என்று எழுதி, மலையகத் தமிழரின் பெயரைச் சொன்னார். நாம் எழுதியிருக்க வேண்டிய வாக்கியத்தை வெளியூர்க்காரர் வந்து எழுதினார். அந்த அறிக்கையையாவது தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் வாசித்திருக்கலாம்.

கண்டிச் சிங்கள விவசாயிகளுக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு என்பதை நாம் உரத்துச் சொன்னதில்லை. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடைய சேனைக் காடுகளை முடியின் காணி என்று எடுத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. அவர்கள் பட்ட நட்டத்தை விசாரிக்க ஓர் ஆணைக்குழு உட்கார்ந்து 1951இல் அறிக்கை தந்தது. அவர்களுடைய மலையைப் பறித்தவனும் நம்மை அதில் இறக்கியவனும் ஒரே ஆள். கம்பளையிலும் கொத்மலையிலும் அந்தக் கிராமத்துப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரே கோரிக்கை எழுதியிருந்தால், நம்மைக் காணி பிடித்தவர்கள் என்று சொல்லும் அரசியலுக்கு அன்றே வாயடைத்திருக்கும்.

மற்ற இடங்களில் எப்படி வாங்கினார்கள் என்று பார்க்கிறேன். இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கருக்கு அமெரிக்க அரசு 1988இல் சட்டம் செய்து மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 20,000 டொலர் கொடுத்தது. அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். சட்டம் வந்த நாளில் உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் பணம், அது 82,000 சொச்சம் பேர். மற்றவர்கள் காத்திருந்து செத்திருந்தார்கள். கென்யாவில் மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் முகாம்களில் சித்திரவதைப்பட்ட கிழவர்கள் லண்டனில் வழக்காடினார்கள். மறைத்து வைத்த குடியேற்ற ஆட்சிக் கோப்புகள் 2011இல் வெளியே வந்தன. 2013இல் பிரித்தானியா வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண் கொடுத்தது. அதே கென்யாவில் கெரிச்சோ மலையில் தேயிலைக்காகத் துரத்தப்பட்ட கிப்சிகிஸ், தலாய் மக்கள் 2022இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் மலையிலும் தேயிலைதான் நிற்கிறது. இவர்கள் எல்லோரிடமும் உயிரோடு சாட்சி சொல்ல ஆள் இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, விடாமல் எழுதிக்கொண்டிருந்த படித்த பிள்ளைகள் இருந்தார்கள்.

நம் நாட்டிலேயே 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் ஒன்று உருவானது. வடகிழக்குப் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்றுதான் நாம் நினைத்தோம். சட்டத்தை வாசித்தால், யார் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லுமிடத்தில் போருக்கும் கலவரத்துக்கும் அடுத்தபடியாக, தனிநபர்கள், குழுக்கள், சமூகங்கள் ஆகியோரின் உரிமைகள் முறைப்படி பாரதூரமாக மீறப்பட்டதையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்ததைவிட முறைப்படியான மீறல் வேறெது? உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் நேர்ந்த சேதத்தைக் காட்டச் சொல்லி அங்கே வாதிடுவார்கள், எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பது தெரிந்ததே. வாதிட்டுப் பார்க்க நம்மிடம் சட்டத்தரணிகள் இல்லாமலா போனார்கள்? 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் லயங்களில் எரிந்தவற்றுக்காவது தனித்தனி மனுக்கள் தயாரித்துக் கொடுத்திருக்கலாம்.

2023இல் மலையகம் இருநூறு என்று நாடு முழுக்க விழா. அந்த ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே ஒரு நடைபயணம் போனது. மலையக மக்களின் வரலாற்றையும் போராட்டத்தையும் பங்களிப்பையும் ஏற்றுக்கொள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் முன்னால் நின்றது. அந்த வெயிலில் நடந்தவர்கள் முன் தலை வணங்குகிறேன், நம்மிடையே கணக்கைக் கையில் எடுத்தவர்கள் அவர்கள். நாமோ மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டோம். அந்த ஆண்டு முடிவில் காணி உரிமைக்கென்று 400 கோடி ரூபாய் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குவதாக அறிவித்ததும், பத்து பேர்ச்சா ஏழு பேர்ச்சா என்ற பேச்சில் மூழ்கி, அந்த முதல் கோரிக்கையை மறந்தோம்.

1949இல் வாக்கிழந்தபோது 21 வயதாக இருந்தவருக்கு இப்போது நூறை நெருங்கும் வயது. அவர்களில் அநேகமாக யாரும் இல்லை. 1964இல் பங்கிடப்பட்டபோது இருபதில் இருந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். இனி ஒத்திப்போட நமக்குக் காலம் இல்லை. ஆணைக்குழு அமைக்கச் சொல்லி மாநாடு கூட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியது பெயர்கள்.

ஆகவே இதை வாசிக்கும் ஆசிரியர்களிடமும் சங்கத்துப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன். ஒரு டிவிசனுக்கு ஒரு பெரிய சி.ஆர். கொப்பி வாங்குங்கள். பக்கத்தைக் கோடு போட்டுப் பிரியுங்கள். பெயர், பிறந்த தோட்டம், காம்பரா இலக்கம். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியோடு. 1949 சட்டத்தில் மனுப்போட்டார்களா, பதில் என்ன வந்தது. 1964க்குப் பிறகு எந்த நாட்டுக்கு எழுதினார்கள், யார் எழுதச் சொன்னது. வீட்டிலிருந்து இந்தியா போனவர் யார், கடைசிக் கடிதம் எங்கிருந்து. நாடற்றவர் என்று சொல்லி எது மறுக்கப்பட்டது: பாடசாலையா, வேலையா, காணியா. 1977இலும் 1983இலும் எரிந்தது என்ன. அம்மாவுக்கு 1984க்கு முன் என்ன பேர்க்காசு, அப்பாவுக்கு என்ன. டிரங்குப் பெட்டியில் இருக்கும் பாஸ்போர்ட், குடும்பக் கார்டு, மனு ரசீது, பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, பெட்டியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். அசல் அவர்களுடையது. சொன்னவரின் கைநாட்டோ கையெழுத்தோ தேதியோடு கீழே இருக்கட்டும். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று வழக்குக்கு. கிளாஸ்கோவிலும் டயகமவிலும் தொடங்கலாம். எண்பதைக் கடந்தவர்கள் பெரட்டுக்குப் போவதில்லை, பகலில் போனால் வீட்டிலேயே இருப்பார்கள்.